அக்காவின் கடிதத்தில் ஒன்பது அம்புகள்

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி அலுவலகத்தில் அவள் அம்பு. மேலாளருக்கு அம்பு, மொழிபெயர்ப்பாளர்களுக்கு அம்பு மேடம், தண்ணீர் கேன் தூக்கி வருகிறவருக்கு அம்பம்மா. ஆங்கில வாக்கியத்தில் ஹூ, விச், தட் என்று எது வந்தாலும், அது எந்தச் சொல்லைச் சுட்டுகிறதோ அந்தச் சொல்லுக்குச் சிவப்புப் பென்சிலால் வளைத்து ஒரு அம்பு போடுவாள். அம்பு நேரே போய்த் தைத்தால் சரி. வழியில் வேறு சொல்லின் மேல் இடித்தால் வாக்கியத்தைப் பிரித்து மேய்ந்துவிடுவாள்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. எட்டு மேசை, ஒரு மின்விசிறி சுற்றும், இன்னொன்று சுற்றுவதுபோல் சத்தம் மட்டும் போடும். கீழேயிருந்து ரப்பர் வாடை நாள் முழுக்க ஏறி வரும். நம் மொழியில் வருகிற காகிதங்களை அங்கே ஆங்கிலமாக்குவார்கள்: இயந்திரக் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், கம்பெனி அறிக்கை, வழக்குக் கட்டு. எதுவானாலும் வெளியே போவதற்கு முன் அம்புவின் மேசையைத் தாண்டியாக வேண்டும். இருபத்து மூன்று வருடமாக அவள் தாண்டவிட்ட தப்புகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்று மேலாளர் சொல்வார். அதைச் சம்பள உயர்வு கேட்கும்போது மட்டும் சொல்லமாட்டார்.

அங்கே வருகிற தப்புகளில் பாதி ஒரே சாதி. நம் பேச்சில் அடைமொழி எல்லாம் ஆளுக்கு முன்னால் போகும். நேற்று வந்த, சண்டை போட்ட, கறுப்புச் சட்டை மாட்டிய ஆள் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆளையே காட்டுவோம். ஆங்கிலத்தில் ஆள் முதலில் வந்து நின்றுவிடுவார், மற்றதெல்லாம் அவர் பின்னால் வரும். பின்னால் வருவது, கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி, பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். சொந்தமா அசலா என்று பார்க்காது. அந்தக் கையைப் பிரித்து உரியவர் கையில் சேர்ப்பதுதான் அம்புவின் பிழைப்பு.

அடுத்த மேசையில் பம்புக்காரர் இருந்தார். அவரிடம் பம்பு எதுவும் கிடையாது, பம்பு கையேடுகளை மொழிபெயர்க்கிறவர். "முழுவதும் காய்ந்த பிறகு தொழிலாளி மூடியைத் திறக்கலாம்" என்பதை அவர் ஆங்கிலமாக்கியதில், காயவேண்டியது தொழிலாளி என்று ஆகிவிட்டது. ஆளையே கொடியில் காயப் போட்டுவிட்டீர்களே என்று அம்பு கேட்டாள். இன்னொரு காகிதத்தில், ஒரு முதலாளியின் மனைவிக்கு விற்ற வண்டி துருப்பிடித்திருந்தது. அந்த விச் போய் உட்கார்ந்த இடத்தில் துருப்பிடித்தது மனைவி. அவங்க வீட்டுக்காரர் கேஸ் போடுவார் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், இங்கே அம்புதான் எய்தவனை நோகடிக்கிறது என்று பம்புக்காரர் எட்டு மேசைக்கும் கேட்கும்படி புலம்பினார்.

அவள் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. இந்தக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். ஒரு தடித்த வெள்ளை அட்டை, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக வெட்டிய சன்னல். அதைக் காகிதத்தின் மேல் வைத்து, கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே போவாள். மேலிருந்து படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் வழுக்கும், தப்பு தப்பித்துக்கொள்ளும். கீழிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் விஷயமே இருக்காது, சொல்லும் அதன் இடமும் மட்டும் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு அவள் கண்டுபிடித்த வழி இது. ஒரு தொழிற்சாலை எரிந்த அறிக்கையை முழுசாகத் திருத்தி முடித்துவிட்டு, எரிந்தது என்ன என்று பம்புக்காரர் கேட்டபோது தெரியாது என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒருமுறை மேலாளர் ஒரு சுற்றறிக்கை எழுதி அவளிடம் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் இரண்டு விச்சை இடம் மாற்றித் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் இரண்டு பேர் வந்து அவள் மேசையைத் தூக்கியபோது, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று சண்டைக்குப் போனாள். கழிப்பறைப் பக்கம் மாற்றச் சொல்லி அறிக்கை வந்திருக்கிறதே மேடம், நீங்கள்தானே திருத்தினீர்கள் என்றார்கள். அந்த வாரம் முழுக்க அலுவலகம் சிரித்தது. அன்று வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள்.

அந்த அக்காவின் கடிதத்தையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். படிக்கவில்லை, திருத்தினாள். மேசை போனால் போகிறது, சிரித்துவிடலாம். இதைச் சிரித்துத் தள்ள முடியாது.

அக்கா அவளைவிட ஏழு வயது மூத்தவள். திரைச்சீலை தைப்பவள். பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது அக்காவுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கடையில் உட்கார்ந்தாள், தங்கையைப் படிக்க வைத்தாள். அம்பு முடித்த பாடப் புத்தகங்களை மெஷின் மேல் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே படிப்பாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவும் அப்படி வந்ததுதான். பிறகு கல்யாணம், நாலே வருடத்தில் கணவன் போய்ச் சேர்ந்தது, திரும்பவும் தங்கையோடு இரண்டு அறை. தங்கைக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை எடுக்க இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது. முன் அறையில் மெஷின், அக்காவின் கட்டில், சுருள் சுருளாகத் துணி. பின் அறையில் அம்பு. நடுவே கதவுக்குப் பதில் அக்கா தைத்த திரை.

போன வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முதல் இரண்டு முறை அம்பு கூடப் போனாள். பிறகு அக்காவே தடுத்துவிட்டாள். நீ உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைப் பார்ப்பதுதான் எனக்கு அலுப்பு, லீவை வைத்துக்கொள் என்றாள். மருந்து கட்டியோடு சேர்த்து விரல்களில் இருந்த உணர்ச்சியையும் கொண்டுபோனது. ஊசி குத்தினால் தெரியாது. ஒரு ஓட்டலுக்குத் தைத்த வெள்ளைத் திரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு விழுந்திருந்ததைப் பார்த்துத்தான் குத்தியதே தெரிந்தது. அந்தத் திரையை மூன்று முறை அலசினாள். பிறகு கெஞ்சிக் கேட்டுத் தன் கைக்காசுக்குத் தானே வைத்துக்கொண்டாள். இரண்டு அறைக்கும் நடுவே தொங்குவது அதுதான்.

மருந்துக் காலத்தில் அக்காவுக்குத் தூக்கமே கிடையாது, விடிகிற நேரத்தில்தான் கண்ணை மூடுவாள். அம்புவுக்கு ஆறு மணிக்கு முதல் பஸ். எழுப்பிவிடக் கூடாதே என்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மூன்று மாடிப் படியும் இறங்கி, தெருக் கேட்டைத் தாண்டித்தான் மாட்டிக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற விஷயமாக அவளுக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். திங்கட்கிழமை போக வேண்டிய மருந்துத் தாள்கள் நாற்பது, அம்பு வீட்டுக்கே எடுத்து வந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து, பென்சிலால் எழுதிய இரண்டு தாளை அந்தக் கட்டின் மேலேயே வைத்தாள். டாக்டருக்குக் கடிதம். அந்த டாக்டர் வேறு நாட்டிலிருந்து வந்தவர், ஆங்கிலம் மட்டும்தான். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்பதில் உங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் பாத்துக் குடு குட்டி," என்றாள் அக்கா. "முழுசாப் படி."

படிக்காமல் எப்படித் திருத்துவதாம் என்று அம்பு கேட்டாள். கேட்டுவிட்டு, கையிலிருந்த மருந்துத் தாளிலிருந்து அட்டையை எடுத்து, கடிதத்தின் கடைசி வரி மேல் வைத்தாள்.

அக்கா மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு, திரை இடுக்கு வழியாகத் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம். அவள் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஒன்பது அம்பு. விரல்களுக்கு ஹூ போட்டிருந்தாள் அக்கா, அதை அடித்து விச் ஆக்கினாள். ஒரு ஒன்லி வாக்கியத்தின் தலையில் அனாதையாக நின்றது, அதைக் கூட்டிக்கொண்டு போய் உரிய சொல்லுக்குப் பக்கத்தில் விட்டாள். கடைசி வாக்கியம் ஆறு வரி நீளம். நடுவில் என் தங்கை என்ற சொல்லுக்குப் பின்னால் ஹூ, ஹூ என்று ஒரு நீண்ட வால். வால் இல்லாமலும் வாக்கியம் நின்றது. அதனால் சிவப்புக் கோட்டால் அடித்து, ஓரத்தில் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே எழுதினாள்: வேண்டாத அடை, நீக்கலாம். தாளைத் திரைக்கு வெளியே நீட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கக்கா. ஹூவும் விச்சும்தான் எடம் மாறியிருந்துச்சு. விரலுக்கெல்லாம் ஹூ வராது. ஹூ மனுஷங்களுக்கு."

"விரல் மனுஷங்களோடதுதானே?"

"இருந்தாலும் அது பொருள்தான்."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். சிவப்பு அம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"வேறென்ன? கடைசி வாக்கியம் ரொம்ப நீளம். வெட்டியிருக்கேன் பாரு."

அக்கா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அம்பு அடுத்த மருந்துத் தாளை எடுத்தாள். அவளைக் குறை சொல்வது சுலபம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்த நாற்பது தாளில் ஒரு விச் இடம் மாறினால், யாரோ ஒருவர் இரண்டு மாத்திரைக்குப் பதில் நாலு விழுங்குவார். அவள் அந்தப் பயத்திலேயே இருபத்து மூன்று வருடம் வாழ்ந்தவள்.

அக்கா மை பேனாவில் சுத்தப் பிரதி எடுத்து, தங்கை அடித்ததை எல்லாம் அடித்தபடியே விட்டு, அந்த வாரமே டாக்டரிடம் கொடுத்தாள். திரும்பி வந்து, இனிமேல் மருந்து ஏற்றுவது இல்லை என்று ஆகிவிட்டது என்றாள். நல்லதாப் போச்சு என்றாள் அம்பு. அந்த இரண்டு சொல்லையும் வாய் நிறையச் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் அப்படி ஒரு நல்ல காலம். மருந்து நின்றதும் அக்காவுக்குப் பசி எடுத்தது, நாக்குக்கு ருசி திரும்பியது, விரல் நுனிகள் மெல்ல விழித்துக்கொண்டன. ஒருநாள் ஊசி குத்திவிட்டது, வலிக்குது குட்டி, வலிக்குது என்று பின் அறைக்கு ஓடி வந்து காட்டினாள். இரண்டு பேரும் அந்த ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவுக்குக் குணமாகிவிட்டது என்று அம்பு அலுவலகத்தில் எட்டு மேசைக்கும் மிட்டாய் கொடுத்தாள். பம்புக்காரர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

நாலாவது மாதம் அக்கா சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. அம்பு அரைநாள் லீவு போட்டுவிட்டு, யாரைக் கடித்துக் குதறலாம் என்கிற கோபத்தோடு தனியாக மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் அறையில் உட்காரக்கூட இல்லை. குணமாகாத ஆளுக்கு ஏன் மருந்தை நிறுத்தினீர்கள், வீட்டில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று, இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டர் அவளைப் புரியாமல் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். நீங்கள் திருத்திக் கொடுத்த கடிதம்தானே இது, உங்கள் அக்கா பெருமையாகச் சொன்னாரே என்றார்.

அக்காவின் குண்டு குண்டுக் கையெழுத்து. அம்புவின் கண் தானாகவே கடைசி வரிக்குப் போனது, கை மேசை மேல் அட்டையைத் தேடியது. கடைசி வரி சரியாக இருந்தது. அதற்கு மேல் வரி சரியாக இருந்தது. அதற்கும் மேலே போனவள் நின்றாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள். திருப்பி, முதல் வரியிலிருந்து படித்தாள்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, இன்னொரு சுற்று மருந்து ஏற்றினால் ஒரு வருடம் கிடைக்கலாம் என்றீர்கள். ஏற்றாவிட்டால் சில மாதம் என்றீர்கள். முதல் சுற்றில் உணர்ச்சியை இழந்த என் விரல்கள் எனக்கு முப்பத்தேழு வருடம் சோறு போட்டவை. நீங்கள் நாட்களைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கை வேண்டும், கொஞ்ச நாள் போதும். ஆனால் நான் தனி ஆள் இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் என் தங்கையிடம் கொடுப்பேன். அவள் வேண்டாம் என்றால் இதைக் கிழித்துவிட்டு உங்களிடம் கை நீட்டுவேன். இது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது என்றால், என் தங்கை இதைப் படித்துவிட்டுச் சம்மதித்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அவளைக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டு அழவைக்காதீர்கள்.

அம்பு தாளை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தாள். இப்போது ஏற்ற முடியுமா என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள், இரண்டாவது முறை நம் பேச்சில் கேட்டுவிட்டாள், ஆனாலும் டாக்டருக்குப் புரிந்தது. கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி உடம்பு தாங்காது என்றார். நாலு மாதத்துக்கு முன்பென்றால் வேறு பேச்சு. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் கட்டிக்கொண்டே வந்தாள். நான் படிக்கலக்கா. கீழேயிருந்து பாத்தேன். படிச்சிருந்தா காலைப் புடிச்சு மருந்து ஏத்த வெச்சிருப்பேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அக்கா அடிக்கட்டும், திட்டட்டும், அதற்கும் தயாராகத்தான் மூன்று மாடி ஏறினாள்.

அக்கா கட்டிலில் சாய்ந்தபடி ஒரு திரைக்குக் கையால் விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே எங்கே போய் வந்தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"டாக்டரம்மாகிட்ட சண்டை போட்டியா? பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "அன்னிக்கு நீ கடுதாசிய வாங்கினதும் எனக்கு உசுரே இல்ல. அழுவ, கத்துவ, கிழிச்சு வீசிடுவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா ஹூ, விச்சுன்னு பாடம் நடத்துன. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் ஒடஞ்சிடக் கூடாதுன்னு நீ மென்னு முழுங்கிட்டு அப்படிப் பேசுன. அந்தத் தெம்புலதான் குட்டி இந்த நாலு மாசமும் ஓடுச்சு. நீ சரின்னுட்ட, இனிமே எனக்கென்ன பயம்."

அம்பு வாயைத் திறந்தாள். பஸ்ஸில் கட்டிய மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில் நின்றன. அதைச் சொன்னால் தன் பாரம் இறங்கும், உண்மைதான். இறங்குகிற பாரம் எங்கே போய் உட்காரும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. நாலு மாதமாக அக்கா சாய்ந்துகொண்டிருந்த சுவரைத் தானே எடுத்துவிட்டு, இனி சாகும் நாள்வரை நீ தனியாகத்தான் முடிவெடுத்தாய் என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக, உண்மையாகவே, மென்று முழுங்கினாள்.

மெஷின் இழுப்பறையைத் திறக்கச் சொன்னாள் அக்கா. அதில் பென்சில் பிரதி மடித்து வைத்திருந்தது. "இதை ஒரு தடவை நம்ம பேச்சுல வாசி. இங்கிலீசுல எழுதினதால நான் நெனச்சதுதான் எழுதினேனான்னு எனக்கே சந்தேகம்."

அம்பு மேலிருந்து வாசித்தாள். வெளியே யாரோ படியில் வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். விரல்கள் வந்தன. முப்பத்தேழு வருடம் வந்தது. கடைசி வாக்கியத்தில் என் தங்கை என்ற இடத்துக்கு வந்ததும் சிவப்புக் கோடு குறுக்கிட்டது. கோட்டுக்கு அடியில் பென்சில் எழுத்து இன்னும் தெரிந்தது. டாக்டரின் கோப்பில் இல்லாத எழுத்து அது, தன் கையாலேயே வெட்டி எறிந்தது. அதையும் வாசித்தாள்.

"நான் முழிச்சுக்கக் கூடாதுன்னு தெனமும் விடியக்காலைல செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட மூணு மாடி எறங்கிப் போற, நான் முழிச்சுக்கிட்டுத்தான் அந்தக் காலடியக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாத, என் தங்கச்சி..."

அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. ஓரத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. வேண்டாத அடை, நீக்கலாம்.

"அதை நீ அடிச்சிட்டியே," என்றாள் அக்கா.

"தப்பாத் திருத்திட்டேன்க்கா."

"உனக்குக்கூடத் தப்பு வருமா?" என்று அக்கா சிரித்தாள். "வெக்கப்பட்டுக்கிட்டு அடிச்சேன்னு நெனச்சேன். டாக்டரம்மாவுக்கு எதுக்கு நம்ம வீட்டு செருப்புக் கதைன்னு."

ஆமாம் என்றாள் அம்பு. அக்காவிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யைச் சொல்லவே இல்லை, சும்மா இருந்ததில் அதுவே நடந்துவிட்டது.

முப்பத்தொரு நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா போய்ச் சேர்ந்தாள். கடைசித் திரைக்கு விளிம்பு முக்கால்வாசி மடிந்திருந்தது, மீதியை அம்பு மடித்தாள். அவளுக்குத் தைக்க வராது. தையல் பாம்பு மாதிரி வளைந்து போயிற்று, ஆனாலும் பிரிக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது சன்னல் அட்டை மேசையிலேயே இருந்தது. அதை இழுப்பறைக்குள் போட்டாள். அதன் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படிப்பாள், பம்பு கையேடாக இருந்தாலும் சரி. பிறகுதான் பென்சிலை எடுப்பாள். வேலை பாதி வேகத்துக்கு வந்துவிட்டது. சில தப்புகள் தப்பித்துக்கொண்டு வெளியே போகவும் செய்தன. மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார், மூன்றாவது முறை கேட்கவில்லை, மருந்துத் தாள்களை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். மேடம் இப்போதெல்லாம் என் கையேட்டைக் கதைப் புத்தகம் மாதிரிப் படிக்கிறார் என்று பம்புக்காரர் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் காலையில் ஆறு மணிக்கு முதல் பஸ். இப்போதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படி இறங்குகிறாள். ஒரே ஒரு நாள் வேண்டுமென்றே வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டாள். முன் அறையில் கட்டிலைச் சுற்றி டக் டக்கென்று நடந்தாள், மூன்று மாடியும் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கினாள், கேட்டருகே நின்று கேட்டாள். மேலே யாரும் புரண்டு படுக்கவில்லை. மறுநாளிலிருந்து மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டாள்.